காட்டிலிருந்து வெறுங்கையோடு

என் பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காட்டுக்குப் போகிறார். மதியம் வெறுங்கையோடு திரும்பி வருகிறார். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், காடு தொடங்கும் இடத்தில் முடிந்துவிடுகிற ஒரு சிறு நகரத்தில் நான் வாடகைக்குக் குடிவந்த முதல் மாதத்தில் இதைக் கவனித்தேன். அவர் பெயர் ஹைக்கே. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பள்ளியில் இசை ஆசிரியராக இருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவர். தோளில் ஒரு சின்னப் பை, காலில் கனத்த பூட்ஸ். போகும்போது பை எவ்வளவு தட்டையாக இருந்ததோ, வரும்போதும் அவ்வளவு தட்டையாகவே இருக்கும். விறகில்லை, காளானில்லை, ஒரு பழம்கூட இல்லை. மூன்று வாரம் சன்னல் வழியாகப் பார்த்த பிறகு, இந்த அம்மாள் காட்டில் வேறு ஏதோ செய்கிறார் என்று முடிவுக்கு வந்தேன்.

சந்தேகப்படுவது எனக்குத் தொழில். மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்த மாதிரிகளைச் சோதிக்கிறேன். பார்க்க நன்றாக இருக்கிற இரத்தத்தையும் நம்பக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் அடிப்படை. ஆனால் காட்டைப் பற்றிய சந்தேகம் ஆய்வகத்தில் வந்ததல்ல. அது கம்பம் பள்ளத்தாக்கில் வந்தது. பண்ணைப்புரத்துக்கு மேற்கே, மலையடியில் நாற்பது வீடுகள் இருக்கிற ஊர் எங்களுடையது. அங்கே ஒருவர் மலைக்குப் போகிறேன் என்றால் அடுத்த கேள்வி எதுக்கு என்பதுதான். அதற்குப் பதில் இருக்கும்: விறகு, விளக்குமாற்றுப் புல், நெல்லிக்காய், காணாமல் போன ஆடு. காரில் சுருளிக்கும் மேகமலைக்கும் போகிறவர்களுக்குக்கூட ஒரு பதில் உண்டு, குளிக்கவோ படம் எடுக்கவோ. பதில் இல்லாமல் மலையில் மெதுவாக நடக்கிறவர் ஒன்று ஒளிந்துகொள்ள வந்தவராக இருப்பார், அல்லது அளக்க வந்தவராக இருப்பார்.

ஹைக்கே ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, அடுத்த ஞாயிறு தன்னோடு வரலாமே என்றார். வால்ட்பாடன் என்று அதற்குப் பெயர் சொன்னார். காட்டில் தோய்வது என்று பொருள் கொள்ளலாம். நான் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றே போனேன். எட்டுப் பேர் வந்திருந்தார்கள். காட்டின் வாசலில் ஹைக்கே ஒரு பிரம்புக் கூடையை நீட்ட, எல்லோரும் கைபேசியை அதில் போட்டார்கள். நானும் போட்டேன், போட்டுவிட்டு, கூடையை யார் தூக்கி வருகிறார்கள் என்பதில் ஒரு கண் வைத்துக்கொண்டேன். நான்கு மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். யாரும் பேசவில்லை. வழியில் ஒரு சின்னப் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒரு காளானோ ஒரு கல்லோ, அது உங்களைத் திரும்பிப் பார்க்கும்வரை அதைப் பார்க்க வேண்டும் என்றார் ஹைக்கே. பிறகு ஆளுக்கோர் இடத்தில் தனியாக உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொன்னார்.

எனக்கு ஒன்றும் செய்யாமல் இருக்க வரவில்லை. என் கைகள் அவை பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருந்தன. ஹைக்கே திரும்பி வந்து பார்த்தபோது என் முன்னால் காய்ந்த சுள்ளிகள் ஒரே நீளத்துக்கு ஒடிக்கப்பட்டு, வேர்நாரால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டப்பட்டு, தலையில் தூக்கி வைக்கத் தயாராகக் கிடந்தன. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவரோ விரலை உதட்டில் வைத்து மற்றவர்களைச் சைகையால் கூப்பிட்டார். எட்டுப் பேரும் அந்த விறகுக் கட்டைச் சுற்றி நின்று தலைசாய்த்துப் பார்த்தார்கள். ஒருவர், இந்தக் கட்டு பிரிவைச் சொல்கிறதா, சேர்க்கையைச் சொல்கிறதா என்று மெல்லிய குரலில் கேட்டார். அடுப்பைச் சொல்கிறது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, ஆழமாக இருக்கிறது என்றார். கடைசியில் அதை ஒரு மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வந்தோம். நல்ல காய்ந்த விறகு. எனக்கு அன்று முழுவதும் மனசு கேட்கவில்லை.

அப்படித்தான் நாங்கள் பழகினோம். ஒரு வருடம் கழித்து, தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஹைக்கே என் ஊருக்கு வர வேண்டும் என்றார். படகு வீடு வேண்டாம், யானைச் சவாரி வேண்டாம், யாரும் யாரையும் கூட்டிப் போகாத ஓர் இடத்தில் மெதுவாக நடக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். நன்றாக இருந்தால் பின்னால் ஒவ்வொரு ஜனவரியும் ஏழெட்டுப் பேரை அழைத்து வரலாம், ஊர்ப் பெண்களே வழி காட்டலாம் என்றும் சொன்னார். இவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று மனசு உடனே கணக்குப் போட்டது. ஆனால் அந்தக் கணக்கைவிடப் பெரிதாக வேறொன்று எழுந்தது. எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கற்றவள் நான். அதை நான் அடக்கத்தோடு சொல்வதில்லை. இந்த நாட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் எல்லோரும் எனக்கு எதையோ காட்டினார்கள், கற்றுக்கொடுத்தார்கள். நான் காட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்ட முதல் ஆள் ஹைக்கே. மலையில் ஓர் ஊற்று இருக்கிறது, கோடையிலும் வற்றாது, உங்களை அங்கே கூட்டிப் போகிறேன் என்று நானே வாயை விட்டேன்.

அந்த ஊற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஒரு ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். முக்காலியில் நிறுத்துகிற கருவி, சுருட்டிய தாள்கள், தொப்பி. இடங்களின் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதித்தர ஒரு பிள்ளை வேண்டும் என்று பள்ளியில் கேட்க, தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். இரண்டு நாள் அவர்களோடு நடந்தேன். ஒவ்வொரு பாறைக்கும் பள்ளத்துக்கும் எங்கள் ஆட்கள் வழங்கும் பெயரைச் சொல்லி, அதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினேன். என் அம்மாவும் மற்ற பெண்களும் ஊற்றைக் காட்டி, அவர்களுக்கு இலையில் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். வந்தவர்கள் தன்மையானவர்கள். என் கையெழுத்தை மெச்சி ஒரு ஜெல் பேனா தந்தார்கள். அடுத்த வருடம் மலையில் எண் போட்ட சிமென்ட் தூண்கள் வந்தன, பிறகு கம்பி வேலி வந்தது. எதற்கு, யாருடையது என்று ஒருவரும் சொல்லவில்லை. பொட்டிப்புரம் பக்கம் மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு எங்கும் இருந்ததால் சிலர் அதுதான் இது என்றார்கள். யாரோ பெரிய ஆளின் தோட்டம் என்றார்கள் வேறு சிலர். என் கையெழுத்துக்கும் அந்த வேலிக்கும் தொடர்பு உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்வாரும் இல்லை.

ஊற்றுக்குப் போகிற பழைய வழி வேலிக்குள் போயிற்று. பெண்கள் சுற்றிப் போகிற வேறொரு தடத்தைக் கண்டுபிடித்தார்கள். நான் அதற்குள் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டேன். அந்தப் புதுத் தடத்தில் நான் கால் வைத்ததில்லை. வேலிக்காரர்களுக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தும் தெரியாதது போல் இருக்கிறார்கள். அந்தத் தடம் அடைபட்டால் கோடையில் ஆடுகளுக்குத் தண்ணீர் இல்லை. முன்பெல்லாம் விடியலில் ஜீப்பில் கேரளாவுக்கு ஏலக்காய் எடுக்கப் போன என் அம்மா, முழங்கால் போன பிறகு ஆட்டையும் அந்தச் சரிவில் அறுக்கிற விளக்குமாற்றுப் புல்லையும் வைத்துத்தான் இருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஹைக்கேயிடம் வாக்குக் கொடுத்தேன்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எதுக்கு வாராக என்று கேட்டார். சும்மா நடந்து பார்க்க என்றேன்.

"சும்மாவா? இங்கன இருந்து உத்தமபாளையம் போறதுக்கே ஒரு காரியம் வேணும். சும்மா ஒருத்தி பிளேன் ஏறி வாராளாக்கும்."

ஊற்றைக் காட்டணும் அம்மா என்றேன். மறுமுனையில் அம்மா ஆட்டை அதட்டினார். பிறகு, சரி வரச் சொல்லு, நானே கூட்டிட்டுப் போறேன் என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும்.

ஜனவரியில் போனோம். என் அம்மாவுக்குத் தமிழ் தெரியாதவர் என்றால் மலையாளம் தெரிந்தவர் என்று பொருள். ஏலக்காய் எஸ்டேட்டில் அவர் பார்த்த உலகம் அப்படி. ஹைக்கேயிடம் முழுக்க மலையாளத்தில்தான் பேசினார். தண்ணீர் வேண்டுமா என்பதை வெள்ளம் வேணோ என்று கேட்டார். அம்மா சோறு போடப்போகிறார் என்று நினைத்து ஹைக்கே வயிற்றைத் தடவி வேண்டாம் என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மலையேறினோம். அம்மா முன்னால், அடுத்து ஹைக்கே, அவருக்குப் பின்னால் நான். கடைசியாக, அம்மாவோடு புல்லறுக்கப் போகிற செல்லத்தாயிச் சித்தி. கைபேசிகளை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும் என்றார் ஹைக்கே. வைத்துவிட்டோம்.

ஹைக்கே ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்றார். பட்டையைத் தடவினார். ஒரு மருத மரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். செல்லத்தாயிச் சித்தி என் காதருகே வந்தார்.

"ஏ ஆத்தா, அந்தம்மாவுக்கு வீட்டுக்காரரு இல்லையா?"

இருந்தாக, பிரிஞ்சுட்டாக என்றேன்.

"அதான" என்றார் சித்தி. "மரம்னா எங்கயும் ஓடிப் போகாதுல்ல."

நான் ஹைக்கேயிடம் கற்றதை என் மலையில் செய்து பார்க்க விரும்பினேன். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தேன்: வழியோரப் பாறை ஒன்றில் காது வடிவத்தில் படர்ந்திருந்த வெளுத்த கல்பாசி. மடலில் ஒரு பிளவு, அந்தப் பிளவில் ஓர் எறும்புச் சாரை. நின்று பார்த்தேன். என் ஊர்க் கல்லை நான் முதன்முறையாகப் பார்ப்பது போலிருந்தது. இதற்கு ஜெர்மனி போய்ப் படித்து வர வேண்டியிருந்ததே என்று கூச்சமாகவும், படித்து வந்தேனே என்று பெருமையாகவும் இருந்தது. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நடந்த பிறகு இன்னொரு பாறையில் இன்னொரு காது தெரிந்தது. அட என்று குனிந்தேன். மடலில் பிளவு. பிளவில் எறும்புச் சாரை.

நிமிர்ந்து அம்மாவின் முதுகைப் பார்த்தேன். அவர் கையை வீசி, செடி பெயர்களை மலையாளத்தில் சொல்லிக்கொண்டு நல்ல உற்சாகமாகப் போய்க்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்காரர் போலவே இல்லை. எங்கள் மலை மேற்கே இருக்கிறது; காலையில் ஏறினால் வெயில் முதுகில் விழ வேண்டும். சற்று நேரத்தில் அது என் முகத்தில் விழுந்தது. நாங்கள் ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தோம். பிறகு தடம் வளைந்தது, வெயில் பக்கவாட்டுக்குப் போனது, மறுபடி முதுகுக்கு வந்தது. அந்தக் காதை மூன்றாவது முறை கடந்தபோது நான் குனியவில்லை. திரும்பிச் செல்லத்தாயிச் சித்தியைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

பத்து மணிக்கு ஓர் ஊற்றில் போய்ச் சேர்ந்தோம். பாறை இடுக்கில் நூல் போலத் தண்ணீர் கசிந்து, ஒரு சட்டி அளவு குழியில் நின்றது. ஹைக்கே மண்டியிட்டு நெற்றியில் தண்ணீரைத் தொட்டு வைத்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் சிறுவயதில் முழுகி எழுந்த ஊற்று அது இல்லை. அங்கே இடுப்பளவு தண்ணீரும், மேலே சாய்ந்த ஒரு நாவல் மரமும் உண்டு. இங்கே மரமே இல்லை. அம்மா என்னைப் பார்க்காமல், ஹைக்கேயிடம் மலையாளத்தில் மதி மதி, போதும், போகலாம் என்றார்.

ஹைக்கே தூங்கிய மதியத்தில் நான் அம்மாவிடம் கேட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அது நம்ம ஊத்து இல்லையே அம்மா."

"அதுவும் ஊத்துதான்."

"ஒரே கரட்ட மூணு தடவ சுத்திருக்கோம்."

"எண்ணினியாக்கும். எண்ணத்தான செய்வ, படிச்ச புள்ள."

அந்தம்மா நல்லவர், எதையும் எடுத்துக்கொண்டு போக வரவில்லை, வெறும் கையோடு வந்து வெறும் கையோடு போகிறவர் என்று நான் விளக்கினேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அம்மா உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு மெதுவாகவே சொன்னார்.

"நல்லவுகதான். மொகத்தப் பாத்தாலே தெரியிதே. அன்னைக்கு வந்தவுகளும் நல்லவுகதான ஆத்தா. கெட்டவுக யாரும் அளக்க வரல."

அப்படியென்றால் என்மேலும் சந்தேகமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பன்னிரண்டு வருடமாக அந்த ஜெல் பேனாவைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்போதும் பேசவில்லை.

"ஒன்மேல என்ன சந்தேகம். நீ ஒண்ணும் செய்ய மாட்ட. ஒன் எழுத்துதான் ஒன்னைய விட்டுட்டு எங்கெங்கயோ போயிருது."

பிறகு என் இடது கையைக் காட்டி, இது போற பாதையெல்லாம் எழுதிக்கிருமாமே, செல்லத்தாயி மருமக சொன்னா என்றார். என் கைக்கடிகாரம். அடிகளை எண்ணுவதற்காக வாங்கியது. கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போன பெருமிதத்தில் அதை நான் மறந்தே போயிருந்தேன். அதன் கணக்கு எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இரத்தத்தைச் சந்தேகப்படுகிறவள், மணிக்கட்டைச் சந்தேகப்படவில்லை.

ஜெர்மனி திரும்பியபின் ஒரு ஞாயிறு ஹைக்கே கேக் செய்து என்னைக் கூப்பிட்டார். உன் அம்மா ஒரு மேதை என்றார். உலகத்தில் எத்தனையோ வழிகாட்டிகளோடு நடந்திருக்கிறேன், எல்லோரும் புதிது புதிதாகக் காட்டத்தான் அவசரப்படுவார்கள், உன் அம்மா ஒருவர்தான் ஒரே பாறையை மூன்று முறை, மூன்று வெளிச்சத்தில் காட்டினார் என்றார். அவரும் பார்த்திருக்கிறார். அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்: முட்டர்ருண்டே, அன்னைச் சுற்று. அடுத்த ஜனவரிக்கு எட்டுப் பேர் தயார், அம்மா அதே சுற்றை நடத்தினால் போதும் என்றார்.

ஒரு கணம் சபலப்பட்டேன். அந்தச் சுற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. எத்தனை பேர் வந்தாலும் அம்மா சலிக்காமல் சுற்ற வைப்பார். செல்லத்தாயிச் சித்திக்குப் பொழுது போகும். ஆனால் எட்டுப் பேரில் ஒருவராவது என்னைப்போல வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பார். இவர்கள் எதைச் சுற்றி, எதை விட்டு விலகி நடக்கிறார்கள் என்று யோசிப்பார். ஒளித்து வைத்தது இருக்கிறது என்பதே ஒரு வழிகாட்டிப் பலகைதான். அம்மா அந்நியர்களை அழைத்துப் போவதில்லை என்றேன். என்னை அழைத்துப் போனாரே என்றார் ஹைக்கே. ஆமாம் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருடைய தட்டைப் பையை நான் சன்னலிலிருந்து பார்த்த அதே பார்வை. நான் வந்தது உனக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டார். அப்படியில்லை என்பதை விளக்கும் அளவுக்கு என் ஜெர்மன் போதும். விளக்கினால் ஊற்று வெளியே வந்துவிடும். தட்டிலிருந்த கேக்கைத் தின்று முடித்தேன். ஐந்து ஞாயிறுகள் அவர் என் கதவைத் தட்டவில்லை.

அவரிடம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, ஹைக்கே தேனியில் துணி எடுக்கப் போயிருந்தபோது, அம்மா வந்து கையை நீட்டினார். கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அதை அரிசி டிரம்மில் போட்டு மூடினார். இருவரும் மலையேறினோம். இந்த முறை வெயில் முதுகிலேயே இருந்தது. ஒரு மணி நேரம் ஏறிய பின் தடம் இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. அம்மா நின்றார்.

"இங்கனயே உக்காரு. நான் போயிட்டு வாரேன்."

சரி என்றேன். அவர் எந்தக் கிளையில் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்க்காவிட்டாலும் சருகுச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம், நான் அந்த மண்ணில் வளர்ந்தவள். நான் மலைக்கு முதுகைக் காட்டி, பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்தேன். கீழே திராட்சைத் தோட்டங்களின் பந்தல்கள், அதற்கப்பால் ரோடு, ரோட்டில் தேனி போகிற பஸ் ஒன்று ஊர்ந்தது. ஒலிப்பானின் சத்தம் இவ்வளவு உயரம் ஏறி வந்தது. அதையே கவனமாகக் கேட்டேன். முக்கால் மணி நேரம் இருக்கும். என் கைகள் ஒரு சுள்ளியையும் தொடவில்லை.

அம்மா தலையில் புல்கட்டும் கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுமாகத் திரும்பி வந்தார். பாட்டிலில் ஒரு நாவல் இலை மிதந்தது. குடி என்றார். முழுவதையும் குடித்தேன். பல் கூசும் குளிர்ச்சி, பழைய ருசி. நான் உட்கார்ந்திருந்த திசையை அம்மா பார்த்தார் என்று நினைக்கிறேன்; புல்கட்டை என் தலைக்கு மாற்றிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினார்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். பண்ணைப்புரத்துக்கு மேற்கே என்று எழுதியிருக்கிறேன். அதை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் பாடு. நாவல் மரமும் வேறு மரமாக இருக்கலாம்.

ஆறாவது ஞாயிறு ஹைக்கே கதவைத் தட்டினார். கூடையை நீட்டினார். கைபேசியையும், அவர் கேட்காமலே கைக்கடிகாரத்தையும் அதில் போட்டேன். காட்டில் எல்லோரும் ஆளுக்கோர் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் ஹைக்கே பக்கத்தில் வந்து குனிந்தார். நான் மரங்களுக்கு முதுகைக் காட்டி, நாங்கள் வந்த வழியை, கீழே தெரிந்த கூரைகளையும் பேருந்து நிறுத்தத்தையும் பார்த்து உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் நானே கவனித்தேன்.

காடு அந்தப் பக்கம் இருக்கிறது என்றார், மெல்ல.

தெரியும் என்றேன். திரும்பவில்லை.